ஒரே மகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். ஆறடி உயரமுள்ள நான் மடங்கிச் சுருண்டு உள்ளே போனேன். மேடம் சும்மா நடந்து போனார். அவருக்கு உயரம் கொஞ்சம் கம்மி. அந்த மிச்சமெல்லாம் மூளைக்குப் போயிருக்க வேண்டும்.

மேடம் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். கார் ஓட்டுவது, காபி வாங்குவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இவை மூன்றும் என் வேலை. மூன்றாவதில் எனக்கு இன்னும் தேர்ச்சி வரவில்லை. அதனால்தான் எல்லோரும் என்னை ஸ்பீக்கர் என்கிறார்கள்.

"பன்னிரண்டு நாள் ஆச்சு," என்றார் கடைக்காரர். "போலீஸுக்குப் போகல. போனா நாளைக்கே பேப்பர்ல வந்துடும்."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. காணாமல் போனது அவர் மனைவி. முப்பத்திரண்டு வருடம் முன்பு, இருபது வயதில், சர்வதேச அழகிப் பட்டம் வாங்கி வந்தவர். பத்திரிகைகள் ராணி என்று எழுத, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் சோப்புக் கம்பெனி காலண்டரில் பன்னிரண்டு மாதமும் அவர்தான் சிரித்தார். வருடம் முடிந்தும் என் சித்தப்பா அதைக் கழற்ற விடவில்லை. இரண்டு வருடம் எங்கள் வீட்டில் கிழமை தப்பாகவே ஓடியது.

பட்டம் வாங்கிய வருடம் முப்பத்தொரு நாடுகள் சுற்றினார். பிறகு இரண்டு படங்கள். இரண்டும் ஓடவில்லை. டிவியில் நாலு வருடம் வினாடி வினா நடத்தினார். அதுவும் நின்றபின் கடைத் திறப்பு விழாக்களில் ரிப்பன் வெட்டினார். அப்படி வெட்டிய கடைகளில் ஒன்றுதான் இது.

"அன்னிக்கு அவளுக்கு எதிர்ல நின்னவங்க முகமே தெரியலன்னு என்கிட்ட மெதுவா சொன்னா," என்றார் கடைக்காரர். "டெஸ்ட் பண்ணினேன். மைனஸ் ரெண்டு. ஊரே பாத்த பொண்ணுக்கு ஊரே தெரியலங்கறது எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம். அடுத்த வருஷம் கல்யாணம். இருபத்தி நாலு வருஷம் ஆச்சு."

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். டைப் செய்த மூன்று வரிகள். 'என்னைத் தேட வேண்டாம். நீங்கள் நல்லவர். என்னால் முடியவில்லை.'

"இருபத்தி நாலு வருஷம் கூட வாழ்ந்தவனுக்குக் கையால எழுதக்கூட மனசு வரல பாருங்க."

மேடம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "கொஞ்ச நாளா அவங்ககிட்ட என்ன மாற்றம் பாத்தீங்க? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தடங்கலில்லாமல் வந்தது. இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டார். வாரோ பட்டையோ வைத்த செருப்புகளை எல்லாம் கொடுத்துவிட்டு, காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி வாங்கிக்கொண்டார். துணிகளும் புதுசு, எல்லாம் முன்பக்கம் திறக்கிற மாதிரி. ஒரு பள்ளி விழாவில் பிள்ளைகள் கையெழுத்துக் கேட்டபோது மாட்டேன் என்றார். ஆறு மாதமாகத் தனி அறையில் படுக்கை. தோளில் கை போட வந்தால் விலகிப் போனார்.

"அப்புறம் இன்னொண்ணு. மாசத்துல ஒரு நாள் முழுக்க வெளியே போவா. எங்கன்னு கேக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடியே போட்ட நிபந்தனை. நானும் கேக்கல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு நாள் சாப்பிடாம படுத்திருந்தா. தலைவலின்னு சொன்னா. அதோட அந்தப் போக்கு நின்னுச்சு. இப்ப ஆறு மாசமா மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு." அவர் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "அப்ப விட்டுப் போனவன் இப்பத் திரும்ப வந்திருக்கான். எனக்கு அவன் யாருன்னு மட்டும் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"பிள்ளைங்க?"

"வேண்டாம்னுட்டா. உடம்பு கெட்டுடும்னு சொன்னா. அழகுதானே அவளுக்குப் பொழப்பு. அதுக்கு மேல நான் பேசல."

பேசாததை எல்லாம் அவர் எங்கே வைத்திருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கலாமே," என்றேன்.

"யாரும் இல்ல. அப்பா அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. இவ ஒரே மகள்."

அவரிடம் இருந்த தடயம் ஒன்றே ஒன்று. மனைவியின் பழைய கோட்டுப் பையில் கிடைத்த தையல் கடைச் சீட்டு. கடை முத்திரை, ஒரு எண், 'மாற்று வேலை' என்ற இரண்டு சொற்கள். தேதி, அவர் வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின வாரம்.

காரில் ஏறியதும் நான் சொன்னேன். "மேடம், பொருத்தம் எல்லாம் சரியா இருக்கு. மாப்பிள்ளை யாருன்னுதான் பாக்கி."

"வண்டிய எடு," என்றார் மேடம்.

தையல்காரருக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூல் சுற்றி ஒட்டியிருந்தது. நம் கட்சிக்காரர் கடைக்கு ஒரு ஆள் பிடித்துக் கொடுக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். சீட்டைப் பார்த்ததும் அவர் மெஷினை நிறுத்தினார்.

"இந்த வேலைய எப்படி மறப்பேன்? வெள்ளி நிறக் கவுன். தரையத் தொடுற நீளம். உடம்பு பூரா மணி கோத்தது. பழசுதான், ஆனா பூப்போல வெச்சிருந்தாங்க. முகத்த எங்கேயோ பாத்த மாதிரி இருந்துச்சு அந்தம்மாவ. கூட வந்த டாக்ஸிக்காரர்தான் பைய உள்ள கொண்டாந்து வெச்சாரு."

"என்ன மாத்தச் சொன்னாங்க?"

"முதுகுப் பக்கம் கழுத்துலேருந்து கீழ வரைக்கும் வெட்டித் திறக்கச் சொன்னாங்க. ஜிப்பை எடுத்துட்டு நாடா வைக்கணும். தோள்லயும் அப்படியே. எனக்குக் கை வரலம்மா. கத்தரி வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டேன். வெட்டுங்கன்னாங்க."

"முதுகே இல்லாத கவுனா?" என்றேன். "மேடம், காதல் ரொம்ப முத்திப்போச்சு."

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீளத்தக் குறைச்சீங்களா?"

"இல்ல. நீளம் அதேதான். இடுப்புல மட்டும் கொஞ்சம் பிடிச்சேன்."

"அழகிப் போட்டி மேடையில போட்ட அந்தக் கவுன் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி தைச்சதுன்னு அந்தக் காலத்துல எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு," என்றார் மேடம்.

தையல்காரர் சிரித்துவிட்டார். "கம்பெனியா? உள்பக்கம் பாத்தா தெரியும்மா. கைத்தையல். ஒரே ஆள். இடது பக்கத்துல ஆரம்பிச்சிருக்காங்க. ஒவ்வொரு தையலும் அளவெடுத்து வெச்ச மாதிரி. எனக்கே அப்படி வராது. அப்படியே சுத்தி வலது பக்கம் வர வர நூல் தளர்ந்து போகுது. கடைசி ஒரு சாண் தள்ளாடுது."

"அவசரத்துல தைச்சிருக்கலாமே," என்றேன்.

"அவசரமா தைச்சா தையல் நீளும் தம்பி. இது நீளல. ஒரே இடத்துல ரெண்டு மூணு தடவ ஊசி குத்தின தடம் இருக்கு. குறி தெரியுது, கை போகல. விரல்ல பலம் இல்லாதவங்க தைச்சது. ஒரே துணிய தைச்சு முடிக்கிறதுக்குள்ள ஒருத்தர் கை இப்படிப் போனத நான் பாத்ததில்ல."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு கணக்கு ஓடும்போது அவர் அப்படிச் செய்வார்.

"நாடா எப்படி வைக்கணும்னு மாதிரிக்கு இத கொடுத்துட்டுப் போனாங்க," என்று தையல்காரர் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். சாதாரணப் பருத்தி இரவு உடை. முதுகு முழுக்கத் திறந்து, நாலு இடத்தில் நாடா. காலரின் உள்ளே சிவப்பு மையில் 14 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு இலை வரைந்திருந்தது.

"ஸ்பீக்கர், இந்த மாதிரி உடுப்பு யாருக்குத் தேவைப்படும்?"

நான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தேன். போன வருடம் என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தது ஞாபகம் வந்தது. "எழுந்து உக்கார முடியாதவங்களுக்கு," என்றேன். "படுத்தபடியே மேல போத்தி, பின்னாடி முடிச்சுப் போட்டுடலாம்."

மேடம் தலையாட்டினார். பிறகு அந்த உடையின் மடிப்புகளில் விரலை ஓட்டி, "மடிச்ச இடமெல்லாம் பழுப்பு ஏறியிருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை.

நாலு கடை தள்ளி ஒரு சலவைக்கூடம். நீராவியில் அரைமுகம் மறைந்து நின்ற சலவைக்காரர் காலரை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஆஸ்பத்திரின்னா நீல மை. ஹோட்டல்ல நூலாலயே நம்பர் போட்டுடுவாங்க. சிவப்பு மை, இலை. இது ஏரிக்கரையில இருக்கற இல்லம். தீராத வியாதிக்காரங்கள வெச்சுப் பாத்துக்கறாங்க. பதினாலுங்கறது அறை நம்பர்."

போலீஸ் லேபில் இதற்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

ஏரிக்கரை முக்கால் மணி நேர ஓட்டம். பாதி வழியில் மேடம் கேட்டார். "அந்தப் போட்டியில கடைசிச் சுற்றுல ராணி சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கா?"

யாருக்குத்தான் இல்லை? பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் எல்லாம் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினோம். 'உங்கள் வாழ்வில் மிக முக்கியமான பெண் யார்' என்று நடுவர் கேட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ராணியின் பதிலை ஒப்பித்தேன்.

"நான் என் பெற்றோருக்கு ஒரே மகள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அதனால் இந்த உலகத்துப் பெண்கள் அனைவரும் என் சகோதரிகள்."

"கேள்வி என்ன?"

"முக்கியமான பெண் யாருன்னு."

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களான்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"இன்சூரன்ஸ்ல இருபது வருஷம் நான் செஞ்ச வேலை அதுதான். கேக்காத கேள்விக்கு யார் பதில் சொல்றாங்களோ, அவங்க விண்ணப்பத்த முதல்ல எடுப்பேன்."

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். "அப்ப ஒரு அக்காவோ தங்கச்சியோ இருக்காங்க. கவுன் தைச்சது அவங்கதான். கைல பலம் போயி, இப்ப படுத்த படுக்கையா இருக்காங்க. கவுன அவங்களுக்குப் போட்டு அழகு பாக்கணும்னு ராணி பின்னாடி வெட்டித் திறந்திருக்காங்க. அதே உயரம், அதனாலதான் நீளம் குறைக்கல. மேடம், கள்ளக்காதலே இல்ல. கேஸ் முடிஞ்சுது."

"ஒரு இடத்துல இடிக்குது," என்றார் மேடம். வழி முழுக்க வேறு எதுவும் பேசவில்லை.

இல்லம் ஒற்றை மாடிக் கட்டடம். தரையில் டெட்டால் வாசனை. சக்கர நாற்காலிகள் ஓடி ஓடிச் சுவரில் ஒரே உயரத்துக்குக் கோடு விழுந்திருந்தது. தலைமை நர்ஸ் மேஜையில் மாத்திரைகளைப் பிரித்துச் சின்னக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் அந்த இரவு உடையை அவர் முன் வைத்தார்.

"பதினாலாம் நம்பர்ல இருக்கறவங்களோட தங்கச்சியத் தேடி வந்திருக்கோம்."

நர்ஸ் துணியை எடுத்து நாடாவைத் தடவினார். "இது அக்காவோடது. பெரியம்மான்னுதான் கூப்பிடுவோம். இங்க இருபத்தோரு வருஷம் இருந்தாங்க."

"இருந்தாங்களா?"

"அவங்க போயி எட்டு வருஷம் ஆச்சே."

மடிப்பில் பழுப்பு ஏறிய துணி. எட்டு வருடம் யாரும் துவைக்காமல், உடுத்தாமல் மடித்து வைத்திருந்த துணி. எட்டு வருடம் முன்பு மூன்று நாள் தலைவலி. எனக்கு இப்போதுதான் உறைத்தது.

"அப்ப அந்தக் கவுன் யாருக்கு?" என்றேன்.

மேடம் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கணவர் சொன்ன பட்டியல். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் முன்னாலும் மேடம் ஒரே சொல்லை எழுதிக்கொண்டே போனார். கை. கை. கை.

கையைத் தூக்கிப் பின்ன முடியாததால் முடியை வெட்டினார். பட்டையை மாட்ட விரல் வராததால் செருப்பை மாற்றினார். பின்பக்கம் கை எட்டாததால் முன்பக்கம் திறக்கும் துணி. பேனா பிடிக்க முடியாததால் கையெழுத்து இல்லை, டைப் அடித்த கடிதம். தையல் கடையில் பையைத் தூக்கியது டாக்ஸிக்காரர்.

'என்னால் முடியவில்லை.'

அந்த வரியைத்தான் நாங்கள் எல்லோரும் வேறு மாதிரி படித்திருந்தோம்.

நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "வரச் சொல்றாங்க. ரொம்ப நேரம் பேச வைக்காதீங்க."

பதினாலாம் அறையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு ராணி உட்கார்ந்திருந்தார். காலண்டரில் பார்த்த முகம்தான். வயது ஏறியும் அதன் அமைப்பு குலையவில்லை. இரண்டு கைகளும் மடியில், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தன.

"அவர் அனுப்பினாரா?"

"ஆமா," என்றார் மேடம்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கவுனோட வலது பக்கம் தையல் தள்ளாடுதுன்னு தையல்காரர் சொன்னார்."

ராணி ஜன்னல் பக்கம் திரும்பினார். "அக்காவோட கடைசித் தையல் அது. அதுக்கப்புறம் அவ ஊசியே பிடிக்கல. என்னைவிட ஆறு வயசு பெரியவ. அம்மா அப்பா போனதும் துணி ஃபேக்டரியில சேந்து என்னைப் படிக்க வெச்சா. இருபத்தஞ்சு வயசுல கை பலம் குறைய ஆரம்பிச்சுது. தசை மெலியற வியாதி. குடும்பத்துல வர்றதுன்னு டாக்டர் சொன்னார்."

"போட்டி விண்ணப்பத்துல அந்தக் கேள்வி இருந்திருக்கும்."

"இருந்துச்சு. குடும்பத்துல பரம்பரை வியாதி உண்டா, கூடப் பிறந்தவங்க எத்தன பேர். நான் உண்மைய எழுதப் போனேன். அக்கா பேனாவப் புடுங்கிக்கிட்டா. 'எழுதுறது நான், அதனால பொய் சொன்னது நான், உனக்குப் பாவம் இல்ல'ன்னு சொல்லி அவளே எழுதினா. ஒரே மகள்னு. மேடையில சொன்னேனே, அந்தப் பதில். அதையும் அவதான் எழுதிக் கொடுத்தா. எந்தக் கேள்வி கேட்டாலும் இப்படி ஆரம்பி, அப்பத்தான் அப்புறம் யாரும் தோண்ட மாட்டாங்கன்னா. ஒரு வாரம் என்னை ஒப்பிக்க வெச்சா."

"டிவியில பாத்தாங்களா?"

"அக்கம்பக்கத்துல எல்லாரோடயும் உக்காந்து பாத்திருக்கா. கூடப் பிறந்தவங்க இல்லன்னு நான் சொன்னதும் மொத்தப் பேரும் அவளத் திரும்பிப் பாத்தாங்களாம். அவ கைதட்டினாளாம். பத்திரிகைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் முப்பத்தொரு நாடு. போற இடமெல்லாம் அந்தப் பதிலத் திரும்பச் சொல்லச் சொல்லுவாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன்."

நான் பள்ளி மேடையில் அதைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒரு தட்டும் சான்றிதழும். சுவரோடு ஒட்டி நின்றேன்.

"அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அந்தக் கவுன நான் போட்டு நேர்ல ஒரு தடவ பாக்கணும்னு. இருபத்தோரு வருஷம் மாசாமாசம் வந்தேன். ஒரு தடவகூட கொண்டு வரல. நர்ஸுங்க பாத்துடுவாங்க, வெளிய பேச்சாயிடும்னு பயம். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பக் கொண்டுவந்துட்டேன். போட்டுக்கத்தான் கை தூக்க வரல, அதான் பின்னாடி வெட்டச் சொன்னேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் நர்ஸ் மாட்டிவிடுவாங்க. இங்க உக்காந்திருப்பேன். அவ கட்டில் அதோ அந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. தரையில் கால் பதிந்த நாலு தடங்கள் மட்டும்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார் மேடம்.

"ரெண்டு வருஷமா. எனக்கு வராதுன்னே நெனச்சேன். அம்பது வயசு தாண்டிட்டேனே. ஆறு மாசமா இங்கதான் மாசாமாசம் டாக்டர்கிட்ட காட்ட வந்தேன்." ராணி நிமிர்ந்தார். "நீங்க ஒரு உதவி செய்யணும். அவர்கிட்ட, வேற ஒருத்தரோட போயிட்டேன்னு சொல்லிடுங்க. அப்படித்தானே அவர் நெனச்சுக்கிட்டிருக்கார்? ஒரு வருஷம் திட்டுவார். அப்புறம் சரியாயிடும். இது அப்படி இல்ல. இது இருபது வருஷம் இழுக்கும். நான் பக்கத்துலேருந்து பாத்தவ."

"மாட்டேன்," என்றார் மேடம்.

"அவருக்காகத்தான் கேக்கறேன்."

"உங்க அக்காவும் உங்களுக்காகத்தான் பொய் எழுதினாங்க. அதுல என்ன ஆச்சு? அவங்க தங்கச்சி இல்லாம போனாங்க. நீங்க அக்கா இல்லாம இருந்தீங்க." இதற்கு மேல் சொல்லலாமா என்று மேடம் தயங்குவது எனக்குத் தெரிந்தது. சொன்னார். "கடையில ஒருத்தர், பொண்டாட்டி உடம்பழகு கெட்டுடும்னுதான் தனக்குப் பிள்ளை இல்லாம போச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். இருபத்தி நாலு வருஷமா. அது உண்மையா?"

ராணி இல்லை என்று தலையசைத்தார். "பொறக்கற குழந்தைக்கும் வந்துடுமேன்னு..." முடிக்கவில்லை. அழுகை வந்தது. துடைக்க வலது கையைத் தூக்கினார். அது மார்பு வரை வந்து, அங்கேயே நின்று, மடியில் விழுந்தது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் விழுந்தது. மேடம் தன் கைக்குட்டையை எடுத்து, குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டார்.

"நான் ரிப்போர்ட் எழுத மாட்டேன்," என்றார் மேடம். "இது நான் சொல்ல வேண்டியது இல்ல. நம்பர் போட்டுத் தர்றேன். நீங்களே சொல்லுங்க. அவர வர வேண்டாம்னு நீங்க சொன்னாக்கூட சரி. ஆனா உண்மையச் சொல்லிட்டுச் சொல்லுங்க."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு ராணி சரி என்று தலையசைத்தார்.

மேடம் எண்ணை அழுத்திப் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"நான்தான்," என்றார் ராணி.

"எங்க இருக்க?" அந்தக் குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பன்னிரண்டு நாள் தூங்காத களைப்பும் இருந்தது.

ராணி கண்களை மூடிக்கொண்டார். "எனக்கு ஒரு அக்கா இருந்தா."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, "பேர் என்ன?" என்று கேட்டார்.

ராணி சொன்னார். அவர் வாய் அந்தப் பெயரை ஒரு புதுச் சொல்லைப் போல, எழுத்தெழுத்தாகச் சொன்னது. அதன்பின் மற்றதெல்லாம் வந்தது. விண்ணப்பம், மேடை, மாதம் ஒரு நாள், கை, பிள்ளைகள். பிள்ளைகளைச் சொன்னபோது மட்டும் இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மேடத்துக்குக் கை வலித்திருக்க வேண்டும். இடக்கைக்கு மாற்றிக்கொண்டாரே தவிரப் போனை நகர்த்தவில்லை.

எல்லாம் சொல்லி முடித்ததும் மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"சாப்பிட்டியா?" என்றார் கடைக்காரர்.

"சாப்பிட்டேன்." ராணி மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். "ஊட்டிவிட்டாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"எந்த வழியா வரணும்?"

"வர வேண்டாம்," என்றார் ராணி.

"வழியச் சொல்லு."

ராணி மேடத்தைப் பார்த்தார். மேடம் போனை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் பிடித்தார். ராணி வழி சொல்ல ஆரம்பித்தார். எந்தப் பஸ், எத்தனையாவது நிறுத்தம், இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த வாசலில் கேட்டால் சீக்கிரம் உள்ளே விடுவார்கள். இருபத்தோரு வருடம் யாருக்கும் தெரியாமல் வந்துபோன வழி அது. ஒரு திருப்பம்கூட விடாமல் சொன்னார்.